அறுபத்தோராவது சுற்று

நூற்றெட்டுப் புளியங்கொட்டைகளை எண்ணி முந்தியில் முடிந்துகொண்டு முருகம்மாள் சங்கரன்கோவில் கோமதியம்மன் பிரகாரத்தைச் சுற்றத் தொடங்கியபோது காலை மணி எட்டு. அதே எட்டு மணிக்குத்தான் மதுரை ஆஸ்பத்திரியில் அவள் புருசன் சங்கரசுப்புவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். துணைக்கு அவள் தம்பி தங்கப்பழம். "நீ அங்கன வந்து அழுதா எனக்குப் பயம் வந்துரும். இங்கனயே அம்மனைச் சுத்து, போதும்" என்று பொண்டாட்டியை ஊரிலேயே விட்டுப்போன மகராசன் அவர்.

இதய வால்வில் ஒழுகல். நெஞ்செலும்பைப் பிளந்தால் மூன்று மாதம் பாவு நூல் சுற்றிய உருளை தூக்க முடியாதே என்று அந்த விசைத்தறிக்காரருக்கு ஒரே கவலை. டாக்டர் ஷமீராதான் ரோபோவைப் பற்றிச் சொன்னார். விலா இடுக்கில் சின்னத் துளைகள். அதன் வழியே மெல்லிய இரும்புக் கைகள் போகும். டாக்டர் எட்ட உட்கார்ந்து விரலை அசைத்தால் அவையும் அசையும். அந்தக் கை நூலை முடிச்சுப் போடும் வீடியோவைப் பார்த்ததும் மனுசன் கவிழ்ந்துவிட்டார். "ஏட்டி, முப்பது வருசமா அறுந்த இழைய முடியுதேன். அது என்னைய விட நல்லா முடியுது!" ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார். முருகம்மாளோ கரண்டில் ஓடுகிற எதையும் நம்பியதில்லை.

சுற்றச் சுற்றக் கண் சொக்கியது. காலடியில் குளிர்ந்த கல், காற்றில் பூ வாசம், வெளியே தெருத்தெருவாகத் தறிச் சத்தம். நாலு இரும்புக் கைகள் தூணுக்குத் தூண் அவளோடு மெல்ல வருவதுபோல் இருந்தது. ஒரு கையில் நூல். அதன் மறுநுனி அவர் நெஞ்சுக்குள். பயமாகவும் இருந்தது, பார்க்க ஆசையாகவும் இருந்தது.

அறுபத்தோராவது சுற்றில் விளக்கு அணைந்தது. தறிகள் மொத்தமாக நின்றன.

"ஐயோ தாயே, கரண்ட் போயிட்டே!"

சங்கரன்கோவிலில் கரண்ட் போனால் மதுரையில் ஏன் நிற்கப்போகிறது? தறிக்காரிக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றுமா! கரண்ட் போனால் குறுக்கே ஓடும் நாடா பாதியில் நிற்கும், இழை அறும். இடுப்பைத் துழாவியதில் முந்தி முடிச்சு அவிழ்ந்து புளியங்கொட்டைகள் சிதறி ஓடின. இடுப்பில் ஒளித்திருந்த போனை எடுத்தாள்.

"ஏலே, அந்த மிசினு ஓடுதாலே?"

"ஓடுதுக்கா." தங்கப்பழம் மென்று விழுங்கினான். "அத்தான் சொல்லாதன்னாக... நெஞ்சைத்தான் நிப்பாட்டி வச்சிருக்காக. முக்கா மணி நேரமாச்சு. ரத்தத்தை வேற மிசினு ஓட்டுது. வால்வைத் தைச்சு முடிச்சப்புறம் நெஞ்சை ஓட விடுவாகளாம்."

"பாவி மனுசா, எங்கிட்ட மறைச்சிட்டியே!" தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கோபம் பொங்கியது, பின்னாலேயே அழுகையும். அழுது ஓய்ந்தபோது, கல்யாணமான புதிதில் தறியடியில் அவர் வைதது நினைவுக்கு வந்தது. "ஓடுற தறியில கை வைக்காத. நிப்பாட்டிட்டு இழைய முடி."

எழுந்தாள். கொட்டைகளைப் பொறுக்கவில்லை. இனி எத்தனையாவது சுற்று என்று அவளுக்கும் தெரியாது, அம்மனாவது எண்ணியிருப்பாள். அரையிருட்டில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். ஊர் சத்தமே இல்லாமல் கிடந்தது.

உச்சிக்காலம் நெருங்கும்போது போன் அதிர்ந்தது.

"எக்கா! நெஞ்சு ஓட ஆரம்பிச்சிட்டு! தானாவே ஓடுதாம்!"

முருகம்மாள் காதைத் தீட்டினாள். வெளியே இன்னும் கரண்ட் வரவில்லை.

"ஊர்ல ஒரு தறி ஓடலையேலே," என்று விம்மினாள். "அவுக மட்டுமா ஓடுதாக?"