பாக்கெட்டில் விட்ட கைகள்

மார்ச் 12, வியாழன்

ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். அண்ணன் உருவாக்கியிருக்கும் வீடியோ கேமுக்கு நான் வரைந்த அட்டைப்படத்தில், பூட்டுத் திறப்பவர் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கை வரைய வராது. அதனால்தான்.

வெள்ளம் புகுந்த கட்டடத்தில், இருட்டில் தடவித் தடவிப் பூட்டுகளைத் திறக்கிற விளையாட்டு அது. விளையாடுபவருக்குத் திரையில் தெரிவது இரண்டு கைகள் மட்டும்தான். ஆளுக்கு முகமே கிடையாது. நான் முகம் வரைந்து, மீசையும் வைத்திருந்தேன்.

இணையக் கடையில் நாளை மாலை அந்த விளையாட்டுக்கான பக்கம் திறக்கிறது. அதற்குள் என் படம் சரிவராவிட்டால், தன்னோடு படித்த நண்பரின் படத்தைப் போட்டுவிடுவதாக அண்ணன் முன்பே சொல்லியிருக்கிறான். அவர் நன்றாக வரைவார். நான் போகும் ஓவிய வகுப்புக்கு வெளியே யாரும் இதுவரை என் படத்தைப் பார்த்ததில்லை.

இன்று மாலை வகுப்பில், கடையில் தெரிகிற அளவுக்கு எல்லோரும் வரைந்த அட்டைப்படங்களைத் தபால்தலை போலச் சுருக்கிச் சுவரில் காட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்காரும் மருந்துக்கடை அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"யாரு இவரு? பஸ்ஸுக்கு நிக்கிறாரா?"

"பூட்டு திறக்கிறவரு, அக்கா."

"சாவியத் தொலைச்சுட்டு நிக்கிறாருன்னு சொல்லு, நம்புறேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். காது சுட்டது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் படத்தைக் காட்டினேன்.

"என் கேம்ல கையைத் தவிர ஒண்ணுமே இல்ல. நீ கையைத் தவிர எல்லாத்தையும் போட்டிருக்கே."

"கை வரல, அண்ணா."

"மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மீசைக்குப் பளபளப்பு வேற!"

போனைக் கையில் எடுத்தான். நண்பருக்குத்தான்.

"நாளைக்கு மதியம் வரைக்கும் குடு" என்றேன். கெஞ்சினேன் என்று எழுதுவதே சரி.

உள்ளறையில் அம்மா அலமாரிப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை கதவை அழுத்திப் பிடிக்க, இன்னொரு கை சாவியை நெம்பியது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"அம்மா, அப்படியே இரு! அசையாதே!"

"ஏன், பூச்சி கீச்சி ஏதாவதா?"

"இல்ல, உன் கை வேணும்."

"என் கைக்கே கை வேணும். வந்து துணியை மடி."

முணுமுணுத்தாலும் நின்றார். வரைந்தேன், அழித்தேன். கட்டைவிரல் மட்டும் வீங்கியது போலவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் மீசைக்காரரை மொத்தமாக நீக்கிவிட்டு, கறுப்புப் பின்னணியில் இரண்டு கைகளையும் சாவியையும் மட்டும் வைத்தேன்.

சுருக்கிக் காட்டினேன். அண்ணன் தள்ளி நின்று பார்த்தான்.

"இது என் கேம்" என்றான். பிறகு ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணினான். "ஆமா, இவருக்கு ஏன் ஒரு கையில ஆறு விரல்?"

"அது சாவி."

"எனக்குத் தெரியும். கடையில பாக்குறவங்களுக்கு?"

அவன் சொன்னது சரி. சாவிக்கும் விரலுக்கும் ஒரே நிறம், ஒரே சாய்வு. பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு அது தெரியவில்லை. அண்ணன் போனை இன்னும் கீழே வைக்கவில்லை.

நாளை: சாவியை விரல்களுக்குக் குறுக்கே சாய்த்து மஞ்சள் பூச வேண்டும். முதலில் சுருக்கி, பிறகே பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மதியத்துக்குள் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும்.