எண்டர் தட்டுவதற்கு ஒரு தீர்மானம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஐஸ் மேல் கல்லைத் தள்ளி ஆடும் எங்கள் ஊர் கர்லிங் கிளப்பின் லினக்ஸ் கணினியைப் புதுப் பதிப்புக்கு ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை மதியம், கமிட்டிக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். காபி தீர்ந்தது. ஒரு கீயை அழுத்த மட்டும் ஆளில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: "கனடாவின் சாஸ்காட்செவானில் மார்ச் மாத வெயில், தயங்கித் தயங்கி..." வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இன்னொன்று: "கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் எறும்புச் சாரையாக..." இந்த ஊரில் மார்ச்சில் எறும்பு ஏது? அடித்துவிட்டேன்.

2

கதாநாயகி டானிஸ். பள்ளிக்கூடத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கிளப் கணினியைப் பார்த்துக்கொள்வது அவள் தலையெழுத்து, சம்பளம் கிடையாது. ஆடுகளத்து ஐஸைக் குளிராக வைத்திருக்கும் இயந்திரத்துக்கு உத்தரவு போடுவது அந்தக் கணினிதான். பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது, மாற்றாவிட்டால் காப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை போட்டி வேறு. கல்லுக்கு முன்னால் ஐஸைத் தேய்க்கும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு சுற்று வட்டாரமே வரும்.

அவளுக்குக் கணினியிடம் பயமில்லை. பட்டப்பெயரிடம்தான் பயம். போன முறை பதிப்பை மாற்ற உட்கார்ந்தவர் ட்வெய்ன். ஐஸ் உருகிப்போனது. அன்றிலிருந்து அவர் 'குளத்து ட்வெய்ன்'. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரே அப்படிச் சொல்லித்தான் அவரை அறிமுகப்படுத்தினார்கள். அதோடு கிளப்பில் ஒரு விதியும் வந்தது: பதிப்பு மாற்றும்போது கமிட்டித் தீர்மானமில்லாமல் ஒரு கீயும் அழுத்தக் கூடாது.

[ட்வெய்னைக் கதையில் சேர்ப்பதா என்று ரொம்பத் தயங்கினேன். பாவப்பட்ட ஆளைக் கொண்டுவந்து வாசகரை உருக வைப்பது மலிவான வேலை. ஆனால் உருகியது ஐஸ். ஆகவே இருக்கட்டும்.]

3

டானிஸ் கட்டளையைத் தட்டினாள். வரிகள் மளமளவென்று ஓடின. நடுவில் சட்டென்று நின்று கணினி ஒரு கேள்வி கேட்டது. அவள் உரக்கப் படித்தாள்.

"இந்தக் கோப்பை நீங்க இங்க மாத்தியிருக்கீங்களாம். அவங்ககிட்ட புதுசு ஒண்ணு இருக்காம். புதுசு வேணும்னா ஒய், பழசே போதும்னா என். சும்மா எண்டர் தட்டினாலும் பழசுதான். நம்ம ஐஸ் அளவெல்லாம் இதுலதான் இருக்கு, பழசே இருக்கட்டும். தட்டிடவா?"

"அவசரப்படாதம்மா," என்றார் தலைவர் லோர்ன். "முதல்ல யாராவது முன்மொழியுங்க."

செயலாளர் மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் முன்மொழியறேன். ஆனா எண்டர்னு மொழியறதா, என்னுன்னு மொழியறதா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வெச்சிருக்கான்?"

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு முழு ஜாடி காபி செலவானது. கூடவே ஒரு தட்டு பெரோகி, அதாவது உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை.)

டானிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பழசை நகல் எடுத்து வெச்சிருக்கேன். எதை அழுத்தினாலும் அப்புறம் சரி பண்ணிக்கலாம். அழுத்தாம இருந்தாத்தான் வம்பு. இது பதிலுக்குக் காத்துட்டு நிக்கற வரைக்கும் குளிர் இயந்திரத்துக்கு உத்தரவே போகாது."

அப்போது ஆடுகளத்திலிருந்து ட்வெய்ன் வந்தார். "ஐஸ் வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு," என்றார்.

அவரைப் பார்த்ததும் லோர்ன் முகம் மலர்ந்தது. "ட்வெய்னே அழுத்தட்டுமே. அவனுக்குப் பேர் ஏற்கெனவே கெட்டாச்சு. புதுசா என்ன போயிடப்போகுது?"

மார்லிஸ் உடனே வழிமொழிந்தார். அன்றைக்கு வேகமாக நடந்த காரியம் இது ஒன்றுதான்.

ட்வெய்ன் கோபப்படவில்லை. "போன தடவை நான் எந்தக் கீயை அழுத்தினேன்னு இதுவரைக்கும் யாராச்சும் கேட்டீங்களா?"

அவரே பதிலும் சொன்னார்.

"எதையும் அழுத்தல. இதே கேள்விதான் வந்துது. உனக்குத்தான் போன் பண்ணினேன், லோர்ன். 'இரு, நாலு பேரைக் கேட்டுட்டுச் சொல்றேன்'னு சொன்னே. இன்னும் சொல்லலை."

லோர்ன் காலிக் கோப்பையைக் குடித்தார். "அன்னைக்குப் பாதிப் பேர் ஊர்ல இல்லப்பா," என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதையை முடிக்க இதுதான் இடம் என்றும் தோன்றியது. எழுதுகிறவன் புத்தி அப்படி.

4

முடிவுகள் இரண்டு கைவசம் இருக்கின்றன.

பழையது: டானிஸ் தட்டுகிறாள். ஐஸ் இறுகுகிறது. சனிக்கிழமை போட்டி நடக்கிறது. ஐஸைக் காப்பாற்றியவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லாததால் அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ட்வெய்ன் குளத்து ட்வெய்னாகவே இருக்கிறார்.

புதியது: ட்வெய்ன் தட்டுகிறார். ஐஸ் இறுகுகிறது. "இதைத்தானே அப்பவே செஞ்சிருக்கணும்," என்று லோர்ன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மூன்றாவதாக, காபி ஊற்றிக்கொண்டிருந்தவன் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, நேராகக் கணினியை நோக்கி [நான் கமிட்டியிலேயே இல்லை. விடுங்கள்.]

எனவே நீங்களே சொல்லுங்கள். புதியது வேண்டுமென்றால் ஒய், பழையதே போதுமென்றால் என். சும்மா பக்கத்தைப் புரட்டினாலும் பழையதுதான். நான் ஒருவனாக முடிவெடுத்தேன் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது பாருங்கள்.

எதைத் தட்டினாலும் ஐஸ் பிழைத்துக்கொள்ளும். நாலு பேரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். டானிஸின் விரல் எண்டருக்கு மேலேயே நிற்கிறது, கண் மார்லிஸ் மேல். ட்வெய்ன் தரை துடைக்கத் துணி எடுத்துவரப் போயிருக்கிறார்.