ஸ-வுக்கு வராத பாட்டு

"பாட்டு ஸ-வுல வந்து நிக்கணும், கௌசிக்தா. நி-யில விட்டா, படியில ஒரு காலைத் தூக்கிண்டு நிக்கற மாதிரி இருக்கு" என்றேன்.

"அவளும் அப்படித்தானே நிக்கறா?" என்றான் கௌசிக், ஹார்மோனியத்திலிருந்து கையை எடுக்காமல்.

அவள் என்றால் எங்கள் இசை நாடகத்தின் நாயகி. பவானிபூரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்காகச் செய்தது. வசனமே கிடையாது, சண்டைகூடப் பாட்டில்தான். கணவனுக்கு மாற்றல் வருகிறது, மனைவி அவனைத் தனியாக அனுப்பி வைக்கிறாள். மெட்டு, நான் பெங்காலி வழக்கப்படி 'தா', அதாவது அண்ணா, சேர்த்துக் கூப்பிடும் கௌசிக்; வரிகள் நான்.

வரிகளுக்காக நான் எங்கும் அலையவில்லை. கிடர்பூர் துறைமுகக் கஸ்டம்ஸில் வேலை பார்த்த அப்பாவுக்கு அந்த வருஷம்தான் தூத்துக்குடிக்கு மாற்றல். எனக்கு ப்ளஸ் டூ, அதனால் அம்மாவும் நானும் இங்கேயே இருப்பதாக முடிவாகியிருந்தது. "போயிட்டு வாங்கோ. நாங்க பாத்துக்கறோம்" என்று அம்மா சொன்னதை அப்படியே பாட்டில் வைத்தேன். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு, நிம்மதியாக ரயிலேற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாட வேண்டியவள் மேக்னா. பெஹாலாவில் பெங்காலி படித்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் எழுதி முடிக்கத் தாமதமானதால் கௌசிக் வெறும் மெட்டை கேசட்டில் பதிந்து எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்தான். அதை ஆ-காரமாகவே பாடிப் பாடி, அவள் மனதுக்குள் ஒரு பெண்ணை உருவாக்கிவிட்டாள். அப்புறம் என் வரிகளைப் பெங்காலி எழுத்தில் எழுதிக்கொண்டு பாடினால், வாய் 'போயிட்டு வாங்கோ' என்கிறது, குரல் கணவனின் சட்டையை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

அவள் சந்தோஷமாகத்தான் அனுப்புகிறாள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சந்தோஷமாவா? ட்யூன்ல அப்படி இல்லையே ரே," என்றாள் மேக்னா, தன் பெங்காலி 'ரே'யைச் சேர்த்து.

கௌசிக் கடைசியில் எனக்காக ஒரு ஸ சேர்த்தான். ஒத்திகைக்கு வந்த அம்மா கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஆபீஸ் ஷட்டரை இறக்குகிற மாதிரி பாட்டு சுத்தமாக முடிந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

மறுநாள் அம்மா அப்பாவின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் ஓயாமல் போட்ட கேசட்டிலிருந்து அந்த மெட்டு அவளுக்கும் தொற்றியிருந்தது. வார்த்தையில்லாமல் முனகிக்கொண்டே வந்தவள் நி-யில் நின்றாள். கையில் ஒரு சட்டை. ஒத்திகையில் கேட்ட ஸ வரவே இல்லை.

கௌசிக்குக்குப் போன் செய்து, ஸ வேண்டாம் என்றேன்.

விழாவில் மேக்னா நி-யில் நிறுத்தினாள். தபலாவும் அங்கேயே நின்றது.  அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவில்தான் அப்பா கேட்டார்.

"ஜெயா, 'போயிட்டு வாங்கோ'ன்னு நீயும் அன்னிக்கு அப்படித்தான் சொன்னியா?"

"நான் சொன்னதைத்தானே அவளும் பாடினா," என்றாள் அம்மா.

 அடுத்த வாரம் அப்பா கிளம்பிப் போனார். நான் நினைத்த நிம்மதியோடு இல்லை. ஆனால் போன நாளிலிருந்து, முன்பெல்லாம் ஆபீஸ் டூர் போனால் செய்யாதவர், தினமும் போன் செய்தார், அதுவும் அம்மாவிடம் பேசுவதற்கு.

இத்தனைக்கும் என் வரிகளில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அப்படியென்றால் மேடையில் நின்ற அந்தப் பெண் யார்? நான் எழுதினவளா, கௌசிக் மெட்டில் இருந்தவளா? நீங்க என்ன நினைக்கறீங்க, சொல்லுங்களேன்?