கிடாவின் நடை

ஒருவர் முகத்தை மறந்தாலும் மறப்பேன், நடையை மறக்கமாட்டேன். தாலினில் எங்கள் பொம்மைப்பட நிலையத்தில் என் வேலையே அதுதான். கம்பி எலும்பு வைத்த பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம் பிடித்து, அதை நடக்கவைப்பேன். சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்தோனியாவில் இந்தத் தொழில் தொடங்கி இருபது வருடம்கூட ஆகாத காலம். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

அந்த வருடம், சதுப்புநிலத்துக்குக் காவல் நிற்கும் ஒரு கிடாவின் கதையை எடுத்தோம். இயக்குநர் கல்யோ. இந்தப் படம் தேறினால் அடுத்த படம் என்னுடையது, நானே இயக்கலாம் என்று நிலையத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்காகவே உயிரைக் கொடுத்து வேலை பார்த்தேன்.

எங்கள் படங்களில் பேச்சு பெரும்பாலும் கிடையாது. ரஷ்ய மொழிக்கு மாற்றும் தொல்லை இல்லை, வார்த்தையைப் பிடித்துக்கொண்டு யாரும் குடையவும் முடியாது. முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய கதையில் 'கிடா நடக்கிறது' என்று மட்டும்தான் இருந்தது. எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

படச்சுருள் கழுவி வந்ததும் கல்யோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே நுழைந்தேன்.

"முழங்கைய மடக்கிக்கிட்டு வா தாயே, கதவுல ரெண்டு பக்கமும் இடிக்குது" என்றான். பிறகு திரையைக் காட்டினான். "விர்வே, இது யாருன்னு தெரியுதா?"

கிடா பூட்ஸின் குதிகாலை அழுத்தி ஊன்றி நாலு எட்டு வைத்தது. நின்றது. கோட்டின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டது. பின்னால் யாராவது சிரிக்கிறார்களா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தது.

எங்கள் படங்களைப் பார்த்து ஒப்புதல் தரவேண்டிய அதிகாரி தோழர் ரெயின்தாம் அச்சு அசலாகத் திரையில் போய்க்கொண்டிருந்தார். சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. விரல்கள் அவையாகவே செய்திருந்தன.

"வெட்டிடலாம்" என்றான் கல்யோ.

"வெட்டினா என்ன மிஞ்சும்? கிடாவே அந்த நடைதான்."

"அப்ப திரும்ப எடு."

"செட்டையே பிரிச்சாச்சு. பாசியெல்லாம் காஞ்சு தூளாயிடுச்சு. அதுவும் இல்லாம, இதைவிட நல்லா நடக்கவைக்க என்னாலயே முடியாது."

"அந்தாளு படத்த வெளிய விடாம தூக்கி அலமாரில போட்டான்னா, ஒம் படமும் சேர்ந்து போகும், ஞாபகம் வச்சுக்க!"

"போகட்டும். வெட்டமாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, ரெயின்தாம் வந்த அன்று பின்வரிசையில் கதவோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் கறுப்பு ரொட்டியும் மீனும் சாப்பிட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். கிடா நடக்க ஆரம்பித்ததும் பின்வரிசையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சத்தமாகச் சிரித்தது ஒரே ஒருவர்தான். ரெயின்தாம்.

விளக்கு போட்டார்கள். "அது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். கல்யோ நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டான். "பார்னு ஊர்ல இருக்கற என் மச்சான்! அதே இழுப்பு, அதே திரும்பல். எங்கம்மா புடிச்சீங்க அவன?"

படம் தேறியது. அவர் எழுந்து நாலு எட்டு வைத்தார், கோட்டை இழுத்துவிட்டார், திரும்பிப் பார்த்தார், போனார். கதவு சாத்தியதும் நாங்கள் சிரித்த சிரிப்பில் கல்யோவுக்கு விக்கலே வந்துவிட்டது. மனுசனுக்குத் தன் நடை தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

மறு வருடம் என் படம். ஒரு கோழி சந்தைக்குப் போகிற கதை. இயக்குநராகிவிட்டதால் கோழியை நகர்த்தும் வேலையை உர்வே என்ற பெண்ணிடம் கொடுத்திருந்தேன். ஒப்புதல் நாளில் ரெயின்தாமின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோழி இரண்டு இறக்கையையும் விரித்து, அலகை முன்னால் நீட்டி, வழியெல்லாம் தனக்கே பட்டா போட்டதுபோல வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயோ, எங்க எதிர்வீட்டு ஹெல்மி!" என்றேன். "அப்படியே அவதான்!"

யாரும் சிரிக்கவில்லை. உர்வே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யோ கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தான்.

ரெயின்தாம் என் பக்கமாகச் சாய்ந்தார். "நல்ல படம். ஒப்புதல் போட்டுடறேன்" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஹெல்மின்னே வச்சுக்கங்க, அதுதான் நல்லது. நானும் மச்சான்னுதான சொன்னேன்?"

எனக்குப் புரியவில்லை.

"நான் கல்யாணமே பண்ணிக்கலம்மா. கூடப் பொறந்தவங்களும் கெடையாது. மச்சானுக்கு நான் எங்க போவேன்?"

அவர் எழுந்து, நாலு எட்டு வைத்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். நானும் எழுந்தேன். வாசல்வரை போவதற்குள் என் முழங்கைகளை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.