விருத்தாசலத்தின் வயர்லெஸ் செட்

பழைய வயர்லெஸ் செட்டைப் பிரித்துப் பார்க்கத் திண்டிவனத்தில் அம்பிகாவை விட்டால் ஆள் இல்லை. அதனால்தான் விருத்தாசலம் தன் படகின் செட்டை அவள் கடைக்கே கொண்டுவந்தார். இருவரும் மரக்காணத்தை ஒட்டிய ஒரே குப்பம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நடுக்கடலில் அம்பிகாவின் தம்பி அரிபிரசாத்தின் இன்ஜின் நின்றுபோனது. பேட்டரியும் இறங்கிவிட்டிருந்தது. அவன் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டது தூரத்தில் இருந்த ஒரு படகுக்குத்தான் மெலிதாகக் கேட்டது. அது வருவதற்குள் படகு கவிழ்ந்து அவன் மூழ்கிவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தது விருத்தாசலத்தின் படகு. "செட்டு ரிப்பேரும்மா, ஒண்ணுமே கேக்கல" என்று அவர் சாவு வீட்டில் தேம்பி அழுதார்.

"இன்னா கோளாறு சித்தப்பா?"

"ஒயருதான் அறுந்துபோச்சு. வாங்குன நாள்லேர்ந்து வேற ஒரு ரிப்பேரு கெடையாது" என்றவர், ஸ்குவெல்ச் திருகைக் காட்டினார். "இத மட்டும் கெட்டியா வச்சிக் குடு. எப்பவும் நான் கடைசிவரைக்கும் திருகித்தான் வச்சிக்குவேன். இல்லன்னா உஸ்ஸுன்னு கத்திக்கினே இருக்கும், கண்ண மூட முடியாது."

அம்பிகாவின் கை நின்றது. அந்தத் திருகை இறுக்கினால் இரைச்சல் அடங்கும். மெலிந்த குரலும் அதோடு அடங்கிவிடும்.

"நாளைக்கு வாங்க" என்றாள்.

அவர் போனதும் செட்டைத் திறந்தாள். உள்ளே இருந்த சின்னத் திருகை எந்தக் குரலும் நுழையாத அளவுக்கு முறுக்கினாள். இனிப் புயல் எச்சரிக்கைகூட அவருக்குக் கேட்காது. கிடக்கட்டும். அந்த நினைப்பு இனித்தது. ஆனால் அதே படகில் குப்பத்து ஆட்களான மாயவனும் இன்னும் மூன்று பேரும் தொழிலுக்குப் போகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

பிறகு ஸ்குவெல்ச் ஒயரைக் கத்தரித்தாள். இனி வெளியே எவ்வளவு திருகினாலும் இரைச்சல் நிற்காது. ஒலியும் ஓரளவுக்குக் கீழே இறங்காதபடி செய்தாள்.

நாலாம் நாள் விருத்தாசலம் மாயவனோடு வந்தார். கண் சிவந்திருந்தது. "காது கிழியுது. இன்னாம்மா பண்ண?"

"ஒயர அறுத்துட்டேன். இந்தச் சத்தத்துக்கு அடியிலதான் என் தம்பி கத்துனான். நீங்க தூங்கணும்னு அத மூடி வச்சீங்க."

மாயவன் அவரைப் பார்த்தான். "அன்னிக்கு செட்டு ரிப்பேருன்னு எங்ககிட்டச் சொன்னீங்களே?"

"வாங்குன நாள்லேர்ந்து அதுல வேற ரிப்பேரே கெடையாதுன்னு அவரு வாயாலதான் சொன்னாரு" என்றாள் அம்பிகா.

விருத்தாசலம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாயவன் படி இறங்கிப் போய்விட்டான்.

அம்பிகா அவர் கண்முன்னே ஒயரைப் பற்றவைத்து, எல்லாவற்றையும் பழையபடி சரிசெய்து கொடுத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் படகில் ஏறக் குப்பத்தில் ஒருவரும் வரவில்லை. கண்டமங்கலம் பக்கம்வரை போய் ஆள் கேட்டாராம். மணலில் கிடந்து படகு வெடிப்பு விட ஆரம்பித்தது.

"பாவம்டி, வயசான மனுசன்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்" என்றாள் அம்பிகா.