தண்ணீர் ஊற்றிய மருந்து

பேராசிரியர் குவாக் பேசும் சொற்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது ‘அராசோ’ ஒன்றுதான். நீயே பார்த்துச் செய்துகொள் என்று பொருள். தென்கொரியாவில், தேஜோன் நகரத்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கு வேறு பொருள் உண்டு: எனக்கு வேண்டியதைச் செய்துவிடு, ஏதாவது ஆனால் நான் சொல்லவே இல்லை.

நாங்கள் செய்வது புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் வண்டி. அந்த மருந்து தண்ணீரில் கரையாது. பாலிமர் இழைகள் கூட்டமாகச் சேர்ந்து, அதை நடுவில் வைத்து மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக ரத்தத்தில் போகும். மைசெல் என்போம். கூட்டம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். தண்ணீர் அதிகமானால் இழைகள் பிரிந்துவிடும், மருந்து அம்மணமாக வெளியே விழும்.

சூசோக் பண்டிகைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் மைசெலை வாங்கலாமா என்று பார்க்க மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருவதற்குள் இன்னொரு கூண்டு எலிகளுக்கும் ஊசி போட்டுவிட வேண்டும் என்று குவாக்குக்குத் தோன்றிவிட்டது. கரைசல் போதவில்லை. கூடத்தில் எல்லாருக்கும் இளையவளான ஹே-ஜோங் போய் என்ன செய்வதென்று கேட்டிருக்கிறாள். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் “அராசோ” என்றிருக்கிறார்.

எங்கள் விருந்துகளில் கிம்ச்சிக் குழம்புச் சட்டி இளையவள் பொறுப்பு. எதிர்பாராமல் ஆள் வந்தால் குவாக் இதே சொல்லைத்தான் சொல்வார். அவள் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுவாள், எல்லாருக்கும் வந்துவிடும், கெட்டிக்காரி என்று அவரும் பாராட்டுவார். சேர்ந்து அரையாண்டுகூட ஆகாத பெண் அது. இங்கேயும் உப்புநீரை ஊற்றிப் பெருக்கிவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது கூண்டறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, எல்லாம் செத்துப்போச்சு. ஊசிய உருவறதுக்குள்ள மூச்சு எளைக்க ஆரம்பிச்சுடுச்சு.”

“மிச்சம் எங்கடி?”

பாட்டிலை நீட்டினாள். தெளிவாக இருக்க வேண்டிய கரைசல் வெளுத்துக் கலங்கி, அடியில் மருந்து பொடியாகப் படிந்திருந்தது. அந்தப் பொடிதான் எலிகளின் நுரையீரலை அடைத்திருக்கிறது.

“தண்ணி ஊத்துனியா?”

“சார்தான் பாத்துப் பண்ணச் சொன்னாரு…”

“இதென்ன கொழம்பாடி?” என்று கத்தினேன். இவளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? பாட்டிலோடு குவாக் அறைக்குப் போனேன்.

அவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். “அந்தப் பொண்ணுக்குக் கை சுத்தமில்ல. ஊசி மூலமா கிருமி போயிடுச்சுன்னு சொல்லிடலாம். இந்த மாசத்தோட அவ வேற எடம் பாத்துக்கட்டும்.”

“கரைசல் கலைஞ்சுபோயிருக்கு சார். நீங்களே பாருங்க.”

“மெதுவா பேசு. தண்ணிக்கே கலையுதுன்னு சொன்னா, ஒடம்பு பூரா ரத்தம் இருக்கே, அதுல தாங்குமான்னு கேப்பாங்க.”

“கேக்கணும்ல சார்?”

“மி-ரான், கம்பெனிக்காரங்க கூட்டத்துல பேசப்போறது நீ. ஒனக்கு நான் சொல்லித் தரணுமா?” கையை ஆட்டினார். “அராசோ.”

நாளைக்கு இது யாரோ ஒரு நோயாளியின் நரம்பில் ஏறப்போகிறது. அதை மூடி மறைக்க ஒரு பெண்ணின் படிப்பைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார், அதையும் என் வாயால் போடச் சொல்கிறார். தூ!

கூட்டத்தில் கம்பெனிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஹே-ஜோங் கடைசியில் காப்பித் தட்டோடு நின்றாள். நான் அந்த வெளுத்த பாட்டிலை மேசை நடுவில் வைத்தேன்.

“உப்புநீர் சேத்ததும் எங்க மைசெல் கலைஞ்சுடுச்சு. எலிங்க செத்தது அதனாலதான். ஊசி போட்ட பொண்ணு கையில ஒரு குத்தமும் இல்ல. ரத்தத்துல இது தாங்குமான்னு நாங்க இன்னும் பாக்கல.”

குவாக்கின் காது மடல் சிவந்தது. கம்பெனி அம்மாள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இவ்வளவையும் வெளிய சொல்ல யாரு ஒத்துக்கிட்டாங்க?”

நான் குவாக் பக்கம் திரும்பி, முறைப்படி இடுப்பு வளைய வணங்கினேன்.

“எங்க சார்தாங்க. என்ன பேசறதுன்னு கேட்டேன். ‘அராசோ’ன்னாரு.”