கல்லுக்குழி நண்டு

அம்மணி கட்டியது ஒரு நண்டு. ஆறு கால், வயிற்றில் நெருப்பு, முதுகில் புகைபோக்கி. குரோம்பேட்டையில் மூடிப்போன, தோல் பதனிடும் ஷாப்பின் பாய்லர்தான் உடம்பு. லாரி ஸ்பிரிங் பட்டைகள் கால்கள். ஃபிட்டர் படிக்க வந்த ஒரே பெண் என்று ஐ.டி.ஐ.யில் சிரித்தவர்கள் மேலிருந்த ஆத்திரத்தையெல்லாம் அந்த ரிவெட்டுகளில் அடித்து இறக்கியிருந்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடை. கீழ்க்கட்டளையில் பாறை வெட்டி விட்டுப்போன கல்லுக்குழியின் அடியில் கிடந்ததை விட்டால் காலனிக்கு வேறு தண்ணீர் கிடையாது. போன வருஷம் குடத்தோடு இறங்கிய தங்கை சரசு பாறையில் வழுக்கினாள். குடம் மட்டும் மிதந்தது. இனி ஒருத்தியும் இறங்கக் கூடாது. அம்மணிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இன்னாடி இது, ரயிலுக்குக் காலு மொளச்ச மாதிரி கீது?" என்றாள் அம்மா ஞானம்மாள்.

"ஏறி உக்காரு, மெட்ராஸ சுத்திக் காட்டறேன்."

"நீ மொதல்ல உசுரோட மேல வா."

நண்டு பாறையைக் கவ்விக் கவ்வி, மூட்டுக்கு மூட்டு ஆவி சீற இறங்கியது. அடியில் தொங்கிய டிரம்மை நிரப்பிக்கொண்டு மேலேறி நின்று, விசில் ஊதியது. பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

விசில் பொன்னுரங்கத்துக்கும் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு காலத்தில் நெல் போட்டவர், இப்போது பிளாட் போடுகிறவர்.

"நண்டு உன்னுது, கண்ணு. குழி என்னுது."

"தண்ணி?"

"குழிலதான கீது?"

மறுநாள் கம்பிவேலி வந்தது. கூடவே ஒரு பேச்சும் வந்தது: முதல் டிரம் காலனிக்கு, மீதி அவர் லாரிக்கு, ஓட்டுவது அம்மணி. அவள் முறைத்தாள்.

"ஒத்துக்கடி," என்றாள் ஞானம்மாள். "நம்ம பொண்ணுங்க எறங்காம இருந்தா போதும்."

ஒத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் முதல் டிரம்மும் லாரிக்குள் போனது. லாரி சேலையூர் கேம்ப் ரோடு பங்களாக்களுக்குப் போனது.

"சார், மொத டிரம்மு இன்னா ஆச்சு?"

"நாளைக்குப் பாக்கலாம்மா."

நாளைக்கும் அதே பதில். அம்மணி நெருப்பை அணைத்துவிட்டு இறங்கினாள். "நான் ஓட்டல. நீங்களே ஓட்டிக்கங்க."

பொன்னுரங்கம் கோபப்படவேயில்லை. "லாரிக்காரன் உன் பக்கத்துலயே நின்னுகினு இருந்தானே, சும்மாவா நின்னான்? எல்லாம் கத்துக்கினான்."

மறுநாள் நெருப்பு மூட்டி நண்டை ஓட்டிய லாரிக்காரன் மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம், அம்மணி வேலிக்குள் நுழைந்து நண்டின் மேல் ஏறினாள். ஆவி வெளியேற வழியில்லாதபடி சேஃப்டி வால்வைக் கம்பியால் இறுகக் கட்டினாள். குழியின் விளிம்புக்கு நடத்திவிட்டுக் குதித்தாள். முன்னங்கால்கள் கொஞ்ச நேரம் காற்றைத் துழாவின. விழுந்த இடத்தில் பாய்லர் வெடித்த சத்தத்துக்குக் காலனியே வாசலுக்கு வந்தது.

அடுத்த நாளிலிருந்து லாரி வரவில்லை. வேலி மட்டும் நின்றது. பெண்கள் கம்பியைத் தூக்கிப் பிடித்து, குனிந்து உள்ளே போனார்கள். ஒருத்தியும் அம்மணியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஞானம்மாள் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள்.

"எங்கம்மா போற?"

"ஒல வெக்க வாணாமா?"

அம்மணி அவளுக்கு முன்னால் இறங்கினாள். சரசு வழுக்கிய பாறையில் காலை ஊன்றி நின்று, வந்த கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கிவிட்டாள். மேலே போன முதல் குடத்தில் நண்டின் எண்ணெய் மிதந்தது.